பாடியவர்: ராசலெட்சுமி

லியோன்,
12 மார்ச் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி கலைவாணன் எழுதுவது. இங்கே நானும் சுகிர்தாவும் குட்டி இளவேனிலும் நலம். குளிர் இன்னும் விட்டபாடில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தான் பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? செவலை கன்று போட்டுவிட்டதா? சின்னம்மா சௌக்கியம்தானே?

போனை விட்டுவிட்டுக் கடிதத்துக்கு மாறலாம் என்றது நீதான். போனில் இரண்டாவது நிமிஷம் நீ அழுகிறாய், மூன்றாவது நிமிஷம் திட்டுகிறாய், நான் கட் பண்ணிவிடுகிறேன். "எழுதுனா நீ குறுக்க பேச முடியாதுல்ல" என்றாய். இன்றைக்கு அந்த ஏற்பாடு எனக்குத்தான் வசதி. இந்தச் செய்தியைப் போனில் சொல்லியிருந்தால் நானே அழுதிருப்பேன்.

நான் வேலை பார்க்கிற பல்கலைக்கழக நூலகத்தில் தனிச்சேகரப் பிரிவு என்று ஒன்று இருப்பதைச் சொல்லியிருக்கிறேன். யாருக்கும் இரவல் தராத பழைய சாமான்கள் அங்கே இருக்கும். ஓலைச்சுவடி, வரைபடம், கண்ணாடித் தகட்டில் எடுத்த போட்டோ எல்லாம் உண்டு. உள்ளே போனால் பேனா கூடாது, பென்சில்தான். போன மாதம் அங்கே ஒரு அட்டைப்பெட்டி வந்தது. மதிலேன் என்று ஒரு ஆராய்ச்சியாளர் 1979 முதல் 82 வரை நம் காரைக்கால் பக்கம் டேப் மெஷினோடு சுற்றியிருக்கிறார். அந்த அம்மாள் காலமானதும் குடும்பத்தார் எல்லாவற்றையும் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பெட்டியில் காரைக்கால் என்று இருந்ததால் நேரே என் மேஜைக்கு வந்தது.

என்னென்ன இருக்கிறது தெரியுமா! கோட்டுச்சேரிமேட்டில் வலை இழுக்கிற சத்தம், தவக்காலத்தில் சர்ச்சில் பாடின ஒப்பாரி, பத்ருன்னிசா என்கிற அம்மா பாடின கல்யாணப் பாட்டு, மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து மாம்பழம் வீசுகிறபோது கீழே எழும்புகிற கூச்சல். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். ஒரு சுருளின் அட்டையில், நம் அப்பா பேரோடு, பிரெஞ்சில் இப்படி இருந்தது: "நடவுப் பாட்டு. குரும்பகரம், வைத்தியலிங்கம் வீடு. பாடியவர்: ராசலெட்சுமி."

அக்கா, அம்மா. நம் அம்மா.

எனக்கு நாலு மாசம் ஆகும்போது செத்துப்போனவளின் குரலை நாற்பத்து மூன்று வயதில் கேட்டேன். ஒரே இரைச்சல், ஆனாலும் பாட்டு புரிகிறது. "முன்ன போறவ கை முடிச்ச நாத்து இருக்கு, பின்ன வர்றவளே பிரிச்சு நடு தாயே" என்று அவள் பாட, பெண்கள் எல்லாரும் வாங்கிப் பாடுகிறார்கள். பிறகு அவர்கள் குரல் ஓய்ந்து, அவள் மட்டும் தனியாகப் பாடுகிறபோது நடுவில் ஒரு குழந்தை அழுகிறது. உடனே பாட்டை நிறுத்திவிட்டு, "தோ வந்துட்டேன்டா ராசா, அம்மா வந்துட்டேன்" என்கிறாள்.

அது நான்தான் அக்கா. என்னைத்தான் சொல்கிறாள். ஹெட்போனைக் கழற்றாமல் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். பக்கத்து சீட்டுக்காரர் காபி வாங்கிவந்து வைத்துவிட்டுப் போனார்.

பதில் உடனே போடு.

உன் தம்பி,
கலை


குரும்பகரம்,
9 ஏப்ரல் 2023

அன்புத் தம்பிக்கு,

சௌந்தரவல்லி ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அது போகும்போது என்னோடுதான் போகும். அத்தான் மாத்திரை போடுகிறார், போட்டுவிட்டு ஊறுகாயும் தின்கிறார். செவலை காளைக்கன்று போட்டது.

முதலில் ஒன்று. மாட்டை விசாரித்த பிறகு சின்னம்மாவை விசாரிக்கிறாயே, எத்தனை வருஷமாக இந்த வரிசை? உன் கடிதத்தை நான் சத்தமாகப் படிப்பதே அவளுக்காகத்தான். அவளுக்கு எழுத்து தெரியாது, வரிசை தெரியும். அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அன்று, பால் மணம் மாறாத உன்னைத்தான் இந்த வீட்டில் முதலில் அவள் கையில் கொடுத்தார்கள். விளக்கைக்கூட அப்புறம்தான் ஏற்றினாள்.

அம்மா போகும்போது எனக்குப் பன்னிரண்டு வயது. முகம் இருக்கிறது, முதுகில் வைத்த அடிகூட இருக்கிறது. குரல் மட்டும் எப்படியோ நழுவிவிட்டது. கோயிலில் நின்று சாமியிடம் கேட்டிருக்கிறேன், ஒரு தடவை காதில் கேட்டால் போதும் என்று. அதை உன் லைப்ரரிக்காரன் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறானா!

சின்னம்மா எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். "எந்தப் பாட்டுன்னு எழுதியிருக்கான்?" என்று கேட்டாள். இரண்டு வரியையும் படித்தேன். எழுந்து வைக்கோல் பிடுங்கப் போய்விட்டாள். மாட்டுக்கு அப்போதுதான் வைத்திருந்தோம்.

எப்படியாவது அந்தக் குரலை எனக்கு அனுப்பு. குட்டிக்கு முத்தம்.

அக்கா


லியோன்,
3 மே 2023

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். அங்கும் அப்படியே என நம்புகிறேன். கன்றுக்கு என்ன பேர் வைத்தாய்? அத்தானைக் கேட்டதாகச் சொல். சின்னம்மாவையும்தான். நீ சொன்னபடி மாட்டுக்குப் பின்னால் வைக்கவில்லை, ஆனால் கன்று முந்திவிட்டது, மன்னித்துக்கொள்.

நம் ஊர் மைக்கேல்ராஜ் அடுத்த மாதம் லீவில் வருகிறார். அவரிடம் பென்டிரைவ் கொடுத்தனுப்புகிறேன். டிவிக்குப் பின்னால் செருகினால் பாடும். இதை வாட்ஸப்பில் எல்லாம் போடக்கூடாது. குடும்பத்தார் கேட்டு அடையாளம் சொல்வதற்காக மட்டும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறார்கள்.

தை மாதம் இந்தப் பெட்டி முழுவதையும் நூலகம் இணையத்தில் ஏற்றப்போகிறது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அதற்கு முன் பாடினவரின் வீட்டிலிருந்து எழுத்தில் சம்மதம் வேண்டும். "இது எங்கள் தாயார் ராசலெட்சுமியின் குரல்" என்று நீ ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். அன்றைக்கு இருந்தவர்களில் மூத்த வாரிசு நீதானே.

தினமும் கேட்கிறேன் அக்கா. வேலைக்குப் போகிற ட்ராமில் கேட்கிறேன். பாட்டைக்கூட விட்டுவிடுவேன், "அம்மா வந்துட்டேன்" என்கிற இடத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் போடுகிறேன். சுகிர்தா சிரிக்கிறாள். சிரித்துவிட்டு அவளும் உட்கார்ந்து கேட்கிறாள்.

இளவேனிலுக்குப் பேச்சு வந்துவிட்டது. முதல் வார்த்தை என்ன தெரியுமா? அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. "தண்ணி." டெல்டாக்காரன் பெண் என்றால் சும்மாவா என்கிறாள் சுகிர்தா.

தம்பி,
கலை


குரும்பகரம்,
16 ஜூலை 2023

அன்புத் தம்பிக்கு ஆசீர்வாதம்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். நீ, சுகிர்தா, குட்டி நலம்தானே. பதில் எழுத நாளாகிவிட்டது, கோபிக்காதே. குறுவைக்குத் தண்ணீர் வந்துவிட்டது. இப்போதெல்லாம் நடவுக்கு மெஷின் வந்துவிட்டதால் எங்கள் வயலில் பாட்டுமில்லை கூத்துமில்லை, டீசல் சத்தம்தான். மாங்கனிக்குக் காரைக்கால் போனோம். அத்தான் இந்த வயதில் மாம்பழம் பிடிக்கிறேன் என்று கையை நீட்டி, பழம் நேரே நெற்றியில் விழுந்து வீங்கிப்போய் வந்தார். கன்றுக்குப் பேர் துரை. உன்னை மாதிரியே பால் குடிக்கும்போது மட்டும் ஞாபகம் வருகிறது, மற்ற நேரம் ஓட்டம்தான். கொல்லையில் முருங்கை சாய்ந்துவிட்டது. சின்னம்மாவுக்குக் கண் ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர் சொல்கிறார், அவள் மாட்டேன் என்கிறாள். சுகிர்தாவின் அப்பாவைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், பிரெஞ்சு நேஷனாலிட்டி பென்ஷன் வாங்கப் போகிறேன் என்று கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறார், இந்த வெயிலில்!

குட்டிக்கு மொட்டை எங்கே அடிக்கப்போகிறீர்கள்?

அக்கா

பி.கு. பென்டிரைவ் வந்தது. டிவியில் போட்டோம். பாட்டு நன்றாக இருந்தது.


லியோன்,
2 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

பாட்டு நன்றாக இருந்ததா? அவ்வளவுதானா அக்கா? சாமியிடம் வேண்டிக்கொண்டவள் நீ. ஒரு பக்கம் முழுக்க முருங்கைமரமும் அத்தான் நெற்றியும். அம்மாவுக்கு ஒரு பி.கு.

ஒருவேளை கேட்டபோது தாங்க முடியாமல் போயிருக்கும், அதனால் எழுதவில்லை என்று சுகிர்தா சொல்கிறாள். அப்படியென்றால் சரி. ஆனால் கையெழுத்து எங்கே? நூலகத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உன் ஒரு வரி இல்லாமல் அம்மா பெயர் ஏறாது. "பாடியவர் தெரியவில்லை" என்று போட்டுவிடுவார்கள். நான் அங்கே உட்கார்ந்திருந்தும் அப்படி விடுவேனா?

அத்தானுக்கும் சின்னம்மாவுக்கும் என் வணக்கம். சின்னம்மாவைக் கண் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல், அவங்க பயப்பட ஒன்றும் இல்லை.

கலை


குரும்பகரம்,
30 ஆகஸ்ட் 2023

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் நலம். நீயும் நலமாக இரு.

கையெழுத்து இப்போது வேண்டாமடா. ஏன் என்று கேட்காதே. பேனாவை எடுத்தேன், அந்த வரியை எழுதக் கை வரவில்லை. உன்னிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை, உண்மை சொல்லவும் வழியில்லை. இருதலைக்கொள்ளி எறும்பு என்பார்களே, உன் அக்காவைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள்.

சின்னம்மா என்னைத் திட்டுகிறாள். "அவன் கேக்குறத எழுதிக் குடுத்துட்டுப் போயேன்டி, சந்தோசமா இருக்கட்டும்" என்கிறாள். அவளுக்கு நம் அம்மா எப்போதும் அக்காதான். தினமும் விளக்கு வைத்ததும், "அக்கா பாட்ட போடுடி" என்று டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள். சீரியல்காரர்கள் எல்லாம் எங்கள் வீட்டில் பட்டினி.

தை வரைக்கும் நாள் இருக்கிறது அல்லவா? கொஞ்சம் பொறு. அக்கா உனக்குக் கெடுதல் நினைக்க மாட்டேன்.

சௌந்தரம்


லியோன்,
8 அக்டோபர் 2023

அக்கா,

அந்த டேப்பைச் சுத்தம் செய்துவிட்டார்கள். இரைச்சலை எல்லாம் எடுத்துவிட்டு, புதிதாய்ப் பிடித்த மாதிரி கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஸ்பீக்கரில் போட்டேன். இளவேனில் தரையில் விளையாடிக்கொண்டிருந்தாள். பாட்டு நடுவில் அந்தக் குழந்தை அழுகிற இடம் வந்தது. அது வெறும் அழுகை இல்லை அக்கா. "தண்ணி, தண்ணி" என்று கேட்கிறது. அதைக் கேட்டதும் இளவேனில் எழுந்து, தன் டம்ளரை எடுத்துக்கொண்டு போய் ஸ்பீக்கருக்கு நீட்டினாள்.

நாலு மாசக் குழந்தை தண்ணி கேட்குமா?

அந்தக் குழந்தை நான்தான். எனக்கு அப்போது ஒன்றரை, இரண்டு வயது இருக்க வேண்டும். அப்படியென்றால் அம்மா போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

உனக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. யார் என்று நீ சொல். எனக்குத் தெரியும், ஆனாலும் நீ சொல்.

கலை


குரும்பகரம்,
29 அக்டோபர் 2023

என் தம்பிக்கு,

குசலம் விசாரிக்காமல் எழுதியிருந்தாய். பரவாயில்லை. நானும் நேரே வருகிறேன்.

சின்னம்மாதான்.

சொல்ல மாட்டேன் என்று அம்மா மேல் சத்தியம் வாங்கியிருந்தாள். நீயாகக் கண்டுபிடித்தால் என்ன செய்வது என்று சத்தியத்தில் இல்லை. அந்தச் சந்தில்தான் இப்போது நுழைகிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து மறைத்து எனக்கும் அலுத்துவிட்டது.

மைக்கேல்ராஜ் பென்டிரைவ் கொண்டுவந்த அன்று சாயங்காலம் டிவியில் செருகினோம். சின்னம்மா முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முதல் வரி வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வருஷம் லீவு நாளில் நானும் அதே வரிசையில் நின்று நட்டவள்தானே? "தாயே" என்று கடைசியில் ஏற்றி இழுப்பது இந்த ஊரிலேயே அவள் ஒருத்திதான். திரும்பிப் பார்த்தேன். கீரைக்காம்பு கையில் அப்படியே இருக்கிறது. "நீதானே பாடுறே, அம்மா பேரு எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன். நீ லைப்ரரியில் அட்டை எழுதுகிறவன், அதனால் அவள் சொன்னதைக் கேள்.

நடவில் முன்னால் ஒருத்தி பாடுவாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அவள் கொண்டுவந்த பாட்டுக்கு அவள் பேர்தான். அவள் செத்தாலும் பேர் மாறாது. அம்மா முன்னால் நின்று பாடுகிறபோது பக்கத்தில் நின்றவள் சின்னம்மா. அம்மா போனதும் அந்த இடத்தில் இவளைத்தான் நிறுத்தினார்கள். ஆறு மாசம் கழித்து வீட்டிலும் அந்த இடத்துக்கே வந்தாள். வெள்ளைக்காரம்மா மெஷினை வைத்துக்கொண்டு பேர் கேட்டபோது, இவள் "ராசலெட்சுமி" என்றாள். அந்த அம்மாள் பாடினவள் பேர் என்று எழுதிக்கொண்டாள். நம் ஊர்க்காரி யாரும் வேறு மாதிரி பதில் சொல்லியிருக்க மாட்டாள்.

அதிலும் இவள் இரண்டாம்தாரம். தாலிக்கயிற்றில் மூத்தாளுக்கென்று ஒரு பொட்டு கோத்துக்கொண்டு வந்தவள். அப்பா போனபோது தாலியைக் கழற்றினாள், பொட்டை மட்டும் கறுப்புக்கயிற்றில் போட்டு இன்னும் கழுத்தில் வைத்திருக்கிறாள். தை பிறந்தால் மூத்தாளுக்குப் புடவை வைத்துப் படைக்காமல் தான் புதுசு உடுத்த மாட்டாள். உனக்குப் பேச்சு வந்தபோது நீ அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டாய். அவள்தான் வாயைப் பொத்தி, "சின்னம்மான்னு சொல்லு" என்று மாற்றினாள். பக்கத்து வீட்டுக் கைருன்னிஸா, "புள்ள ஆசையா கூப்புடுறான், ஏன் தடுக்குறே?" என்று சண்டைக்கே வந்தாள். அதற்கு இவள் சொன்னதை நான் கதவோரம் நின்று கேட்டேன். "பேரு அவங்களுக்கு, வேல எனக்கு. ரெண்டையும் நானே எடுத்துக்கிட்டா செத்தவளுக்கு என்ன மிச்சம்?"

டிவியை நிறுத்திவிட்டு, உனக்கு எழுதப்போகிறேன் என்றேன். அப்போதுதான் சத்தியம் வாங்கினாள். "நாப்பது வருசம் கழிச்சு அவனுக்கு ஆத்தா கொரலு கெடச்சிருக்கு. அதப் புடுங்கிட்டு என் கொரல கையில குடுத்தா அவன் என்னடி பண்ணுவான்?" என்றாள்.

அம்மா குரல் எங்கும் இல்லையடா தம்பி. எனக்கும் இல்லை.

நீ கண்டுபிடித்துவிட்டதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லவா, வேண்டாமா?

அக்கா


லியோன்,
19 நவம்பர் 2023

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகன் கலைவாணன் எழுதுவது. நீ நலமா? கண் எப்படி இருக்கிறது? இடுப்பு வலிக்கு நான் அனுப்பின தைலம் கேட்கிறதா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அல்லது எல்லாருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தை வழித்துத் தின்கிறாயா? இதற்கெல்லாம் பதில் வந்த பிறகு அக்காவையும் அத்தானையும் விசாரித்துக்கொள்கிறேன். மாடு கடைசியில் நிற்கட்டும்.

இதை அக்கா உனக்குப் படித்துக் காட்டுவாள். அக்கா, ஒரு வார்த்தை விடாமல் படி. மரியாதை இல்லாமல் எழுதுகிறானே என்று "நீ"யை "நீங்க" ஆக்காதே.

சத்தியத்தை அக்கா மீறவில்லை. நானேதான் கண்டுபிடித்தேன். என் மகள் எனக்குக் காட்டிக்கொடுத்தாள்.

முதல் இரண்டு நாள் எனக்கு மனசே சரியில்லை. அதை மறைக்கவில்லை. பெற்றவளின் குரல் கையில் வந்துவிட்டு மறுபடியும் போய்விட்டதே என்று துக்கமாகத்தான் இருந்தது. ட்ராமில் ஹெட்போனைப் போடவில்லை. மூன்றாம் நாள் கை தானாகப் போய்விட்டது. பழகின இடத்துக்கே போனேன். "தோ வந்துட்டேன்டா ராசா." அப்போதுதான் உறைத்தது. இந்தக் குரல் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனதே இல்லை. காய்ச்சலுக்கு வந்திருக்கிறது, பள்ளிக்கூட வாசலுக்கு வந்திருக்கிறது, நான் பிளேன் ஏறின அன்று சென்னை வரைக்கும் வந்திருக்கிறது. நான்தான் யாருடையது என்று தெரியாமல் இத்தனை மாசம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது இரண்டு விஷயம். நூலகத்தில் என் வேலையே பேரைச் சரியாக எழுதுவதுதான். அட்டையில் இருக்கிற பேர் தப்பு. காசியம்மா என்று உன் பேரைப் போட உன் சம்மதம் வேண்டும்.

இன்னொன்று நூலகத்துக்கு இல்லை, எனக்கு. என்னை ஒரு நாளும் உன்னை அம்மா என்று கூப்பிட விட்டதில்லை. நீயும் உன்னை அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. அன்றைக்கு வயலில் மட்டும் ஏன் சொன்னாய்?

உன் மகன்,
கலைவாணன்


குரும்பகரம்,
10 டிசம்பர் 2023

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். ஆனால் இது சின்னம்மாவின் கடிதம். அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். என் சொந்தச் சரக்கைச் சேர்க்கக்கூடாது என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

"ராசாவுக்கு சின்னம்மா சொல்றது. நான் நல்லாயிருக்கேன். கண்ணு தை கழிச்சு பாத்துக்கலாம். தைலம் தீந்துபோச்சு, வர்றப்ப வாங்கிட்டு வா. சுகிர்தாவும் பேத்தியும் சொகமா? பேத்தி டம்ளர நீட்டுனத ஒங்க அக்கா நாலுவாட்டி படிச்சா. அஞ்சாவது வாட்டியும் படிக்கச் சொல்லணும்.

"பேர மாத்துறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். அக்கா பேர அழிச்சிட்டு எம்பேர எழுதுனா, தையில படையலுக்கு முன்னாடி எந்த மொகத்த வச்சிக்கிட்டு நிப்பேன்? பாட்டு அவங்களுது. எழுதுனது எழுதுனதாவே இருக்கட்டும். ஒனக்கு வேலையில கெட்ட பேரு வரும்னா, அதுக்குக் கீழ எம்பேர எழுதிக்க. சின்ன எழுத்தா எழுது. தண்ணி கேட்டது யாருன்னு ஒம்பேரயும் எழுது. மூணு பேரும் ஒரே எடத்துல இருப்போம்ல.

"அன்னைக்கு ஏன் சொன்னேன்னு கேட்டிருக்கே. மத்தவளுங்கல்லாம் அந்தக் கரையில நாத்துக் கட்டப் போயிட்டாளுங்க. நீ வரப்புல ஒக்காந்து அழுவுறே. அந்த வெள்ளக்காரம்மாவுக்குத் தமிழு தெரியாதுன்னு நெனச்சேன். கேக்க ஆளு இல்ல. ஒரு தடவ சொல்லிப் பாப்பமே, எப்படி இருக்குதுன்னு சொல்லிப் பாத்தேன். அவ்வளவுதான். அந்த மெஷினு புடிச்சி வச்சிக்கும்னு எனக்கென்ன தெரியும்?"

இதோடு நிறுத்திவிட்டாள். கீழே என்ன பேர் போட என்று கேட்டேன். "சின்னம்மான்னே போடு" என்றாள். போட்டுவிட்டேன்.

இனி நான் சொல்வது. உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். "அம்மான்னு எங்க எழுதியிருக்கான்?" என்று கேட்டாள். முதல் வரியில் அவள் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மடித்து, மூத்தாள் புடவை இருக்கிற பெட்டியில் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

சம்மதக் கடிதம் இதோடு வைத்திருக்கிறேன். அவள் சொன்னபடி எழுதி, அவள் கைநாட்டும் என் கையெழுத்தும் இருக்கிறது. தைக்கு மூன்று பேரும் வாருங்கள். படையலுக்கு இந்தத் தடவை புடவை நீ எடுத்து வர வேண்டுமாம். ஒன்று இல்லை, இரண்டு எடு.

இனிமேல் கடிதம் வேண்டாமடா, போன் பண்ணு. நான் அழுதாலும் கட் பண்ணாதே, போனை அவளிடம் கொடுத்துவிடுகிறேன். அவளுக்குப் படிக்கத்தான் தெரியாது, கேட்கத் தெரியும்.

அக்கா